பொரளை ட்ராமுக்கு எரியும் விளக்கு: லேத் இல்லாமல் வீட்டிலேயே செய்வது

தம்பி, நீங்கள் கேட்டது இது: பழைய கொழும்பு ட்ராம் ஒன்றை 1:64 அளவில் பிளாஸ்டிக் தகட்டில் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உடல் முடிந்துவிட்டது. இனி முன்விளக்கு, பின்விளக்கு, கூரை விளக்குகள், ஊர்ப்பெயர்ப் பலகை எல்லாம் எரிய வேண்டும். வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸ், அதில் ஒரு மேசை, அதுதான் பட்டறை. லேத் (கடைசல் இயந்திரம்) இல்லாமல் முடியுமா?

தாராளமாக முடியும். இந்த அளவு விளக்குகளுக்கு லேத்தை விட நல்ல சாவணம் ஒன்றும், கூர்மையான பிளேடும், பொறுமையும்தான் அதிகம் வேலை செய்யும்.

1:64 நல்ல தேர்வு. 1899 முதல் 1960 வரை கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் ஓடிய நம்முடைய ட்ராமின் தண்டவாள அகலம் 3 அடி 6 அங்குலம், அதாவது 1067 மி.மீ. 64 ஆல் வகுத்தால் 16.7 வரும். மொடல் ரயில்காரர்கள் எல்லாரும் பாவிக்கும் சாதாரண 16.5 மி.மீ. தண்டவாளமே அதற்குப் போதும், சில்லும் மோட்டரும் தேடி அலைய வேண்டியதில்லை. ஹொங்கொங் ட்ராமும் இதே 1067தான். பிற்பாடு அதைச் செய்ய ஆசை வந்தால் இதே பாதையில் ஓடும்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தை உண்டாக்குவது இன்றைக்கு ஒரு வேலையே இல்லை. எல்.ஈ.டி. மலிவாகவே கிடைக்கிறது. போகக்கூடாத இடத்துக்கு வெளிச்சம் போகாமல் அடைப்பதும், விளக்கு அணைந்திருக்கும்போதும் அது விளக்காகவே தெரிவதும்தான் உண்மையான வேலை. உங்கள் ட்ராம் நாளின் பெரும்பகுதி கண்ணாடி அலுமாரியில் அணைந்தபடிதான் நிற்கப்போகிறது. வெள்ளை எல்.ஈ.டி.யின் முகத்தில் மஞ்சள் பூச்சு ஒன்று உண்டு. அதை நேரே முன்விளக்குக் குழிக்குள் ஒட்டிவிட்டால், அணைந்திருக்கும்போது மஞ்சள் சதுரம் ஒன்று வெறித்துப் பார்க்கும். கடையில் விலை கொடுத்து வாங்கும் மொடல்களில்கூட இந்தக் குறை உண்டு. அதனால் எல்.ஈ.டி.யை உடலுக்குள் ஒளித்துவிட்டு, வெளிச்சத்தை மட்டும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

முன்விளக்கில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் இதைச் செய்யப் பழகினால் மற்றதெல்லாம் தானாக வரும். உண்மையான விளக்கின் விட்டம் 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் உங்கள் அளவில் 3.1 மி.மீ. (1:87இல் செய்திருந்தால் 2.3.) இந்த அளவில் மெல்லிய பித்தளைக் குழாய் வேண்டும். வெளிநாட்டில் இருந்து வரவழைக்க வேண்டாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் ரேடியோ அன்டெனா ஒன்று வாங்குங்கள், அந்த இழுத்து நீட்டும் வகை. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய பித்தளைக் குழாய்கள்தான் அது, மேலே குரோம் பூச்சு. அடியில் ஆறேழு மி.மீ., நுனிக்குப் போகப் போக ஒடுங்கும். 3 மி.மீ.க்குக் கிட்டிய துண்டை எடுத்து, மேலே இருக்கும் குரோமை எமரித் தாளால் தேய்த்துப் பித்தளை தெரியும்வரை எடுத்துவிடுங்கள். குரோமில் ஈயம் பிடிக்காது.

வெட்டும்போது அரியக்கூடாது, குழாய் நசுங்கும். குழாய்க்குள் பொருந்துகிற துளையூசி (ட்ரில் பிட்) ஒன்றின் தண்டைச் செருகி, பிளேடை மேலே வைத்து, வெட்டுப் பலகையில் முன்னும் பின்னும் உருட்டுங்கள். கோடு விழும், ஆழமாகும், கடைசியில் தானாகவே கழரும். 4 மி.மீ. நீளம் போதும்.

அடுத்தது விளக்கின் வாயைச் சுற்றி இருக்கும் தடித்த விளிம்பு. அது இல்லாவிட்டால் வெறும் குழாய்தான், விளக்கு இல்லை. 0.4 மி.மீ. செப்புக் கம்பியை 3 மி.மீ. துளையூசியின் தண்டில் நெருக்கமாகச் சுற்றி, பக்கவாட்டில் ஒரே நேர்கோட்டில் அறுத்தால் வளையங்கள் உதிரும். செட்டியார் தெரு நகைப் பட்டறைகளில் சங்கிலிக் கண்ணி செய்வது இப்படித்தான். அவர்கள் பாவிக்கும் மயிரிழை போன்ற வாள் அலகும், சின்ன அரங்களும் உங்களுக்கும் வேண்டியவை. ஒரு சின்னக் கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குளியலறை டைல் துண்டு ஒன்றின் மேல் வளையத்தைப் படுக்க வைத்து, குழாயை அதன்மேல் நிமிர்த்தி, ஈயம் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் ஒரு சொட்டுத் தொட்டு வைத்து, ஈயத்தில் நகநுனி அளவு வெட்டிப் பக்கத்தில் போடுங்கள். சோல்டரிங் அயனைக் குழாயின் வெளிப்பக்கத்தில் தொட்டால் ஈயம் பளிச்சென்று உருகி வட்டமாக ஓடிப் பிடிக்கும். உடனே அயனை எடுத்துவிடுங்கள். பிறகு வாயை 600 எமரித் தாளில் வட்டமாகத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். வளையத்தின் வெட்டு வாய் கீழ்ப்பக்கம் வரும்படி பொருத்தினால் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இனி உள்ளே இருக்கும் கிண்ணம். சமையலறை அலுமினியத் தாளை இரண்டாக மடித்து, அழிரப்பரின் மேல் வைத்து, உருண்டை முனை உள்ள ஏதாவதொன்றால், மை தீர்ந்த பெரிய போல்பொயின்ற் பேனாவே போதும், மெதுவாகச் சுழற்றி அழுத்துங்கள். ஒரு குட்டிக் கிண்ணம் உருவாகும். பளபளப்பான பக்கம் உள்ளே இருக்கட்டும். குழாய்க்குள் நுழையும் அளவுக்குச் சுற்றிவர வெட்டி, நடுவில் 1 மி.மீ. துளை போட்டு, குழாயில் இறக்குங்கள்.

அந்தத் துளை வழியாகத்தான் வெளிச்சம் வரும். 1 மி.மீ. அக்ரிலிக் ஒளியிழை வேண்டும். அலங்கார விளக்குகளில் முடிக்கற்றை மாதிரித் தொங்கும் இழைகள் இந்த இனம்தான், அவற்றில் தடித்த ரகமாகப் பார்த்து வாங்குங்கள். இழையின் நுனியைச் சூடான அயனுக்குக் கிட்ட, தொடாமல், கொண்டுபோனால் நுனி இளகி உருண்டு சின்னக் குமிழாகும். ஒரு செக்கனுக்குள் நடந்துவிடும், கண் எடுக்கக்கூடாது. இழையைக் கிண்ணத்தின் முன்பக்கமாகச் செருகி, குமிழ் அரை மி.மீ. வெளியே நிற்க நிறுத்துங்கள். இப்போது அணைந்திருக்கும்போது பாருங்கள்: வெள்ளிக் கிண்ணத்துக்கு நடுவே ஒரு கண்ணாடிக் குமிழ், அசல் மின்குமிழ் மாதிரியே. எரியும்போது குமிழும் மின்னும், கிண்ணமும் அதை வாங்கித் திருப்பும். முன்கண்ணாடிக்கு மெல்லிய தெளிந்த பிளாஸ்டிக் வட்டம் ஒன்று போதும்.

இதை ஒட்டும்போது மட்டும் சூப்பர் குளூவைக் கிட்ட வைக்காதீர்கள். அதன் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கில் வெள்ளைப் புகாராகப் படியும். காற்றில் ஈரம் கூடக் கூட அது மோசமாகும், கொழும்பில் ஈரத்துக்குக் குறைவில்லை. காய்ந்ததும் தெளிவாகும் வெள்ளைப் பசையோ, நகப்பூச்சுக் கடைகளில் விற்கும், புற ஊதா வெளிச்சத்தில் இறுகும் யூ.வி. ஜெல்லோ பாவியுங்கள்.

இழையின் பின் நுனியை நேர்கோணத்தில், புது பிளேடால், ஒரே அழுத்தில் வெட்டி, எல்.ஈ.டி.யின் முகத்தோடு முட்டவைக்க வேண்டும். சரிவாக வெட்டினாலோ இடைவெளி விட்டாலோ பாதி வெளிச்சம் வீணாகும். இரண்டையும் சேர்த்து மூட, தடித்த கறுப்பு வயரின் உறையை உருவி ஒரு துண்டு செருகுங்கள். சூடாக்கிச் சுருக்கும் குழாய் வேண்டாம். அக்ரிலிக் ஏறக்குறைய 100 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும், குழாய் சுருங்கும்போது இழையும் வளைந்துவிடும்.

எல்.ஈ.டி.க்கு 0603 என்ற அளவு எடுங்கள். 1.6க்கு 0.8 மி.மீ. 0402 என்பது 1.0க்கு 0.5, அது 1:87 செய்கிறவர்களுக்கு. உங்களுக்கு அந்தக் கஷ்டம் தேவையில்லை. வயராக எனாமல் பூசிய செப்புக் கம்பி, 0.1 மி.மீ. மோட்டர் வைண்டிங் கடைகளில் நிறுத்து விற்பார்கள், அல்லது பழுதான ரிலே ஒன்றைப் பிரித்தால் ஆயுளுக்கும் போதுமான கம்பி உள்ளே இருக்கும். எனாமலைப் பிளேடால் சுரண்டினால் கம்பி அறும். அயனை 400 பாகை வரை சூடாக்கி, முனையில் ஒரு சொட்டு ஈயம் தொங்கவிட்டு, கம்பி நுனியை அதற்குள் இரண்டு மூன்று செக்கன் முக்குங்கள். ஈயச் சூட்டில் எரியும் வகை எனாமல் என்றால் அது எரிந்து ஈயம் ஏறிவிடும். எல்.ஈ.டி.யை டைலில் இருபக்க ரேப் ஒட்டி அதன்மேல் குப்புற வையுங்கள், பறக்காது. ஃப்ளக்ஸ் தொட்டு, ஈயம் ஏறிய கம்பியை வைத்து, அயனால் ஒரு செக்கன் தொட்டால் போதும். நேர்முனைக் கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தால் பிறகு தடுமாற வேண்டியதில்லை. அடிப்பக்கத்தில் இருக்கும் பச்சைக் குறி பெரும்பாலும் எதிர்முனையைக் காட்டும், ஆனால் எல்லா ரகத்திலும் அப்படியில்லை. மல்டிமீற்றரின் டயோட் நிலையில் வைத்துப் பார்த்துவிடுங்கள். தண்ணீர்க் குழாய்க்கு ஈயம் வைக்கும் அமில ஃப்ளக்ஸை இந்த வேலைக்குத் தொடவே கூடாது, மயிரிழைக் கம்பியைச் சில மாதங்களில் தின்றுவிடும். வெள்ளவத்தையில் கடற்காற்று வேறு. பித்தளை, செம்பு எல்லாவற்றையும் வேலை முடிந்ததும் ஸ்பிரிட்டால் கழுவி, பெயின்ற் அல்லது தெளிந்த வார்னிஷ் பூசிவிடுங்கள்.

எல்.ஈ.டி.க்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது ரெசிஸ்டர், அதன் கணக்கு எளிது. 12 வோல்ட்டில் வெள்ளை எல்.ஈ.டி. 3 வோல்ட் எடுக்கும், மிச்சம் 9. ஒரு மில்லிஅம்பியர் போதுமென்றால் 9 கிலோ ஓம், கடையில் கிடைப்பது 10. பெட்டியில் எழுதியிருக்கும் 20 மில்லிஅம்பியரைப் பார்த்துக் கொடுத்தீர்களானால் உங்கள் ட்ராம் வெல்டிங் பட்டறை மாதிரி எரியும். கணக்கைவிடக் கண் நல்ல நீதிபதி. ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கும் 100 கிலோ ஓம் வொலியூம் கொன்ட்ரோல் ஒன்றோடு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பாதுகாப்புக்குத் தொடராகச் சேர்த்து, இரவில் அறை விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு திருகுங்கள். பிடித்த இடத்தில் நிறுத்தி, மீற்றரால் அளந்து, கிட்டிய பெறுமதி ரெசிஸ்டரைப் போடுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக இதைச் செய்ய வேண்டும். சிவப்பு 2 வோல்ட்தான் எடுக்கும். பின்விளக்கு முன்விளக்கை விட மங்கலாகவே இருக்க வேண்டும்.

எவ்வளவு மங்கல், என்ன நிறம் என்பதற்கு அசல் வண்டியைத்தான் கேட்க வேண்டும். மேல் கம்பியில் 500, 600 வோல்ட் நேரோட்டம் ஓடிய அந்தக் காலத்து ட்ராம்களில் பொதுவாக ஐந்து மின்குமிழ்களைத் தொடராக இணைத்திருப்பார்கள், ஒன்று போனால் ஐந்தும் போகும். வண்டி கிளம்பும்போது கம்பியில் வோல்ட் இறங்கி விளக்கு மங்கும், பிறகு தெளியும். அந்த மஞ்சள் கலந்த சோர்ந்த வெளிச்சம்தான் உங்களுக்கு வேண்டியது. 'வோர்ம் வைட்' என்று விற்கும் எல்.ஈ.டி. 2700 முதல் 3000 கெல்வின் (எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்). கார்பன் இழை மின்குமிழ் 2000க்குக் கிட்ட. அதனால் எல்.ஈ.டி.யின் முகத்தில் டமியா கம்பெனியின் தெளிந்த ஒரேஞ்ச் பெயின்ற், எக்ஸ்-26, மெல்லியதாக ஒரு பூச்சுக் கொடுங்கள். பளீர் வெள்ளை எல்.ஈ.டி.யை இந்த வண்டிக்குப் பக்கத்திலும் கொண்டுவராதீர்கள், 1920களின் ட்ராம் ஒரு நொடியில் இன்றைய த்ரீவீலர் ஆகிவிடும்.

சாதாரண 0–12 வோல்ட் கொன்ட்ரோலரில் ஓட்டினால் வேகம் கூடக் கூட விளக்கு பிரகாசிக்கும், நின்றால் அணையும். அசலுக்கு நேர் எதிர். விளக்குக்கு இவ்வளவு பாடுபடுகிறவர் டி.சி.சி.க்குப் போவதுதான் சரி. அதில் பாதையில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும், வண்டிக்குள் இருக்கும் டிகோடர் என்ற குட்டிச் சுற்றுப் பலகை மோட்டரையும் விளக்கையும் தனித்தனியாக இயக்கும். டிகோடரின் நீல வயர் பொதுவான நேர்முனை, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்புறத்து விளக்கு. ரெசிஸ்டர் இல்லாமல் எதையும் நேரே இணைக்க வேண்டாம்.

கூரை விளக்கு. நம்முடைய வண்டி பக்கம் திறந்தது, குறுக்கு இருக்கை. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு எல்.ஈ.டி. பட்டியை ஒட்டிச் சமாளிக்கும் வசதி இங்கே இல்லை, கூரையின் அடிப்பக்கம் முழுதாகத் தெரியும். அதனால் புள்ளி புள்ளியாகத் தனி விளக்குகள். கூரையின் அடியில் 2 மி.மீ. செப்பு ரேப்பை இரண்டு கோடாக, நடுவில் ஒரு மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டி, 0603 எல்.ஈ.டி.களைப் பாலம் போல வைத்து ஈயம் பிடியுங்கள், எல்லாவற்றின் நேர்முனையும் ஒரே பக்கம் பார்க்க. ஒரே பொதியில் வாங்கிய எல்.ஈ.டி. என்றால் இந்தச் சின்ன மின்னோட்டத்துக்கு எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு ரெசிஸ்டர் போதும். கூரை நிறத்தில் ரேப்பின் மேலே பெயின்ற் அடித்தால் கோடு மறையும். பிறகு யூ.வி. ஜெல்லில் முகப் பவுடர் ஒரு சிட்டிகை கலந்து, ஒவ்வோர் எல்.ஈ.டி. மேலும் ஒரு சொட்டு. 2 மி.மீ. சொட்டு அசலில் 13 செ.மீ. பால்நிறக் குமிழ். மஞ்சள் சதுரமும் ஒளிந்துவிடும். பவுடர் அதிகமானால் அடியில் இறுகாது, கொஞ்சமாகப் போட்டு இரண்டு தடவையாக இறுக்குங்கள்.

வெளிச்சம் கசிவதைப் பற்றி முதலிலேயே சொன்னேன். ஒரு மி.மீ. வெள்ளை பிளாஸ்டிக் தகடு எல்.ஈ.டி.க்கு முன்னால் மெழுகுத்தாள்தான். முப்பரிமாண அச்சில் எடுத்த ரெசின் பாகமும் அப்படியே. உள்ளே முதலில் கறுப்பு, அது காய்ந்ததும் அதற்கு மேலே வெள்ளை அல்லது வெள்ளி. கறுப்பு அடைக்கும், வெள்ளை திருப்பிவிடும். வெளிப் பெயின்ற் அடிப்பதற்கு முன்பே இதை முடித்து, இருட்டறையில் உள்ளே எரியவிட்டு, ஒவ்வொரு பொருத்து மூலையையும் பாருங்கள். ஒளிக்கீற்று தெரிகிற இடத்தில் அலுமினிய ரேப் ஒட்டுங்கள், ஆனால் அது மின்சாரம் கடத்தும், வயர் பக்கம் கவனம்.

ஊர்ப்பெயர்ப் பலகைக்கு லேசர் அச்சில் எடுத்த தெளிந்த ஃபிலிம். ஒரு தாளில் கறுப்பு முழுதாக அடைக்காது, ஊசித்துளை ஊசித்துளையாக வெளிச்சம் வரும். ஒரே அச்சை இரண்டு எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக, எழுத்துப் பிசகாமல் ஒட்டுங்கள். எழுத்தின் உயரத்தில் கவனம் தேவை. அங்குலத்துக்கு 600 புள்ளி அச்சில் ஒரு புள்ளி 0.042 மி.மீ., ஒரு மி.மீ. உயர எழுத்துக்கு 24 புள்ளிகூட வராது. ஆங்கில எழுத்துக்கு அது போதும். 'பொரளை'யில் 'ளை' அந்த உயரத்தில் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். எந்த மொழி, எந்தத் தடிப்பு என்பதை உங்களிடம் இருக்கும் பழைய படத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். தமிழோ சிங்களமோ தேவைப்பட்டால் 1200 புள்ளி அச்சுள்ள கடைக்குப் போய், மெல்லிய கோடுள்ள எழுத்துருவில் எடுங்கள்.

ஃபிலிமுக்குப் பின்னால் எல்.ஈ.டி.யை ஒட்ட வைத்தால் நடு எழுத்து மட்டும் எரியும். 4, 5 மி.மீ. தள்ளி, உள்ளே வெள்ளை பூசிய சின்னப் பெட்டியில் வைக்க வேண்டும். இடையில் பரப்பித் தரும் தாளுக்கு ஓர் இடம் சொல்கிறேன்: பம்பலப்பிட்டியிலும் கொள்ளுப்பிட்டியிலும் போன் திருத்தும் கடைகளில் உடைந்த திரைகளைக் குப்பையில் போடுவார்கள். கேட்டால் சும்மா தருவார்கள். பின்னொளி உள்ள திரையைப் பிரித்தால் வெளிச்சத்தைப் பரப்பும் பால்நிறத் தாளும், திருப்பிவிடும் வெள்ளைத் தாளும் அடுக்கடுக்காக இருக்கும். காசு கொடுத்து வாங்கும் எதையும் விட அது சிறப்பு. உடைந்த கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு பிரியுங்கள்.

அடுத்தது மினுக்கம். நாலே சில்லுள்ள குட்டி வண்டி, தண்டவாளத்தில் ஒரு தூசு பட்டால் விளக்கு கண் சிமிட்டும். கூரை விளக்குகளைத் தண்டவாளத்தில் இருந்தே எடுத்து, மின்னோட்டத்தை ஒரே திசையாக்கும் சின்ன பிரிட்ஜ் ரெக்டிஃபயர் வழியாக, மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்து வைக்கும் கப்பாசிட்டர் ஒன்றோடு இணைத்துவிட்டால் தீரும். அப்போது டிகோடரால் அவற்றை அணைக்க முடியாது, எப்போதும் எரியும். அது உங்களுக்குச் சம்மதமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆறு விளக்குக்கு 6 மில்லிஅம்பியர் என்றால் 200 மைக்ரோஃபரட் ஏறக்குறைய ஆறில் ஒரு செக்கன் தாங்கும். தூசைக் கடக்க அது போதும். திறந்த வண்டியில் இதை எங்கே ஒளிப்பது? இருக்கைக்கு அடியில். அசலில் 45 செ.மீ. உயரம் என்றால் உங்களுக்கு 7 மி.மீ. கிடைக்கும். 100 மைக்ரோஃபரட், 25 வோல்ட் கப்பாசிட்டர் 6.3 மி.மீ. விட்டத்தில் வருகிறது, இரண்டு இருக்கைக்கு அடியில் ஒவ்வொன்றாகப் படுக்கவைத்து இணையுங்கள். 16 வோல்ட் ரகம் வேண்டாம், டி.சி.சி. பாதைக்கு அது ஒட்டிய அளவு. கப்பாசிட்டருக்குத் தொடராக 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அந்த ரெசிஸ்டருக்கு இணையாக டயோட் ஒன்று போட்டால் வண்டியைப் பாதையில் வைக்கும் கணத்தில் திடீரென்று மின்னோட்டத்தை இழுக்காது. டயோட் கப்பாசிட்டரில் இருந்து விளக்குப் பக்கம் விடும் திசையில் இருக்க வேண்டும்.

அனெக்ஸ் வாசத்துக்கு ஒரு வார்த்தை. யூ.வி. ரெசின் அச்சு இயந்திரம் வாங்கும் எண்ணம் இருந்தால் ஜன்னல் திறந்த இடம், நைட்ரைல் கையுறை இரண்டும் கட்டாயம். கழுவும் ஸ்பிரிட் தீப்பற்றும், அது திறந்திருக்கும் மேசையில் அயனைச் சூடாக்கக் கூடாது. கழுவிய மிச்சத்தைக் கானில் ஊற்றாமல், பிள்ளைகளுக்கு எட்டாத வெயிலில் வைத்து இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள். இந்த ஒரு வண்டிக்கு அந்த இயந்திரம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

கூரையைப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். முன்னும் பின்னும் 2 மி.மீ. காந்தம் ஒன்றொன்று புதைத்து வைத்தால் கழற்றி மாட்டலாம். கூரைக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் தூண்களின் பின்பக்கத்தில் மெல்லிய பள்ளம் கீறி இறக்கி, பெயின்ற் அடியுங்கள். மேலே ஒன்றிரண்டு செ.மீ. தளர்வு விடுங்கள், கூரையைத் தூக்கும்போது அறாது. தூணை இன்னும் நிறுத்தவில்லை என்றால் அந்தப் பள்ளத்தை இப்போதே கீறிவிடுங்கள், நிறுத்திய பிறகு பிளேடு உள்ளே போகாது.